ஃபைன்: நயமா, சன்னமா, சம்மனா?

செந்தூலிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். நான்காம் படிவம் படிக்கும் மகன் ஆங்கிலக் கதைகளை வாசித்துத் தமிழில் சொல்லிப் பழகுகிறானாம். ‘ஃபைன்’ என்ற சொல் வரும் இடமெல்லாம் ‘நல்ல’ என்று போட்டுவிடுகிறான். நல்ல மணல், நல்ல எழுத்து, நல்ல கோடு என்று வந்து நிற்கிறது. அகராதியைப் புரட்டினால் அந்த ஒரு சொல்லுக்கே நீளமான பட்டியல். இதில் எதையெல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்வது என்பது அவர் கேள்வி.

எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், அம்மா. நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் நடுவில் நின்று பிழைத்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். இந்த மாதிரிச் சொல்லைத் தனியாகப் பிடித்து வைத்துப் பொருள் கேட்டால் அது பிடி கொடுக்காது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். எந்தப் பொருளோடு ஒட்டி வருகிறது? பெயருக்கு முன்னால் நிற்கிறதா, வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறதா? பையன் இந்த இரண்டையும் பார்க்கப் பழகிவிட்டால் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது.

முதலில் சொல்லின் பூர்வீகம். லத்தீனில் ‘ஃபினிஸ்’ என்றால் எல்லை, முடிவு. அது பழைய பிரெஞ்சுக்குள் போனபோது, ‘கடைசிவரை செய்து முடித்தது, இனிமேல் திருத்த ஒன்றுமில்லை’ என்ற பொருளில் உயர்ந்த தரத்தைக் குறிக்க ஆரம்பித்தது. ஆங்கிலத்துக்கு 1300-ஐ ஒட்டி வந்து சேர்ந்தது. ஃபினிஷ், ஃபைனல், டிஃபைன், சமையல் எண்ணெய்ப் போத்தலில் பார்க்கிற ரிஃபைன் எல்லாமே ஒரே குடும்பம்தான். ஒரு பொருளைப் புடைத்து, சலித்து, உருக்கி, கசடு எடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? தரம் ஏறும், சுத்தமாகும். மாவாக இருந்தால் பொடியாகும், கம்பியாக இருந்தால் மெலியும். உயர்ந்தது, சுத்தமானது, சன்னமானது என்று சம்பந்தமில்லாத மூன்று பொருள் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

தரத்தைச் சொல்லும்போது நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது, மளிகைக் கடையில் தூங்குகிறது: ‘நயம்’. நயம் துவரம்பருப்பு, நயம் புளி என்று மூட்டையில் எழுதி வைப்பார்களே, அதே நயம். இலக்கிய நயம் என்கிறோம், நயமாகப் பேசினான் என்கிறோம். ஃபைன் டீ என்றால் நயம் தேயிலை. ஃபைன் சில்க் என்றால் நயமான பட்டு. ‘நல்ல’ என்பதைவிட இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரிவதில்லை, அது வேறு வருத்தம்.

சுத்தம் என்ற பொருளுக்குப் பையனை மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு நகைக்கடைக்கு அழைத்துப் போங்கள். வாங்க வேண்டியதில்லை, விலைப்பலகையைப் பார்த்தால் போதும். 916 என்றும் 999 என்றும் போட்டிருக்கும். ஆயிரத்தில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு அது. ஆங்கிலத்தில் இந்த எண்ணுக்குப் பெயரே ‘ஃபைன்னெஸ்’. 22 காரட் என்பது 24-இல் 22 பங்கு. வகுத்துப் பார்த்தால் 0.9166 வரும், அதைத்தான் 916 என்கிறார்கள். எட்டு கிராம் எடையுள்ள ஒரு பவுன் சங்கிலி 916 என்றால், அதற்குள் இருக்கிற ‘ஃபைன் கோல்ட்’ சுமார் 7.33 கிராம், மிச்சம் செம்பு, வெள்ளி போன்ற கலப்பு. உலகச் சந்தையில் தங்கத்துக்கு விலை சொல்வதும் இந்தக் கலப்பில்லாத எடைக்குத்தான். இந்த இடத்தில் ‘நல்ல தங்கம்’ என்று மொழிபெயர்த்தால் கதை மாறிப்போகும், ஏனென்றால் 916-உம் நல்ல தங்கம்தான். ‘சுத்தத் தங்கம்’, ‘சொக்கத் தங்கம்’ என்றால் சரி. உரைகல்லில் உரசி மாற்றுப் பார்த்த நம் முன்னோர் இதை ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்றார்கள். இன்றைக்கு அது ஆட்களைப் புகழ மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அடுத்தது சன்னம். பையன் தடுக்கி விழுவது அதிகமும் இங்கேதான். மணல், மாவு, தூள், நூல், முடி, ஊசி, கோடு, மழை: அளவில் சிறியதாகவோ மெல்லியதாகவோ இருக்கக்கூடிய எதன் முன்னால் வந்தாலும், ‘நல்ல’ என்பதை மறந்துவிட வேண்டும். தமிழ் இங்கே ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவதில்லை. ரவை என்றால் சன்ன ரவை, மணல் என்றால் பொடிமணல், நூல் என்றால் மெல்லிய நூல், மழை என்றால் தூறல். ஃபைன் பிரிண்ட் என்றால் பொடி எழுத்து. கார்க் கடன் ஒப்பந்தத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமே, அது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. பிறகு சிக்கல் வந்தால் வக்கீல் அதைத்தான் முதலில் படிப்பார்.

சமையல் குறிப்பில் வெங்காயத்தை ‘ஃபைன்லி’ நறுக்கச் சொன்னால் பொடியாக நறுக்க வேண்டும். ஃபைன்-டூத் கோம்ப் என்பது பேன்சீப்பு. ஒரு கணக்குப் புத்தகத்தை அந்தச் சீப்பால் சீவினார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், ஒன்றுவிடாமல் துருவிப் பார்த்தார்கள் என்று பொருள். தமிழில் சீப்பைக் கொண்டுவரத் தேவையில்லை. ஃபைன் லைன் என்பதும் அப்படித்தான். துணிச்சலுக்கும் திமிருக்கும் நடுவில் ஒரு ஃபைன் லைன் என்றால், நூலிழைதான் வித்தியாசம் என்று சொல்லிவிடலாம்.

‘நல்ல’ என்று போட்டால் எவ்வளவு விபரீதமாகும் என்பதற்குப் புகைமூட்டக் காலத்துச் செய்திதான் சிறந்த உதாரணம். ஜெரெபு வரும் மாதங்களில் கோலாலம்பூரில் எல்லாரும் கைப்பேசியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் குறியீட்டுக் கணக்கில் 2018-லிருந்து பி.எம். 2.5 என்ற தூசியும் சேர்ந்திருக்கிறது. விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேல் போகாத துகள் அது. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும், அதனால்தான் ஆபத்து. இதை ஆங்கிலத்தில் ‘ஃபைன் பார்ட்டிகிள்ஸ்’ என்கிறார்கள். பையன் இதை ‘நல்ல தூசி’ என்று எழுதினால் சுகாதார அமைச்சுக்கே மயக்கம் வரும். நுண்துகள் என்பதே சரி.

சன்னத்திலிருந்து ஒரு படி உள்ளே போனால் புத்திக்கு வருகிறோம். கண்ணால் பார்க்க முடியாத சன்னம் அது. ஃபைன் டிஸ்டிங்ஷன், ஃபைன் பாயிண்ட் என்றெல்லாம் வக்கீல்கள் பேசுவார்கள். இங்கே நுட்பம், நுணுக்கம். நுண், நுணுக்கு, நுட்பம் எல்லாம் நம்மிடமும் பொடிக்கும் புத்திக்கும் பொதுவான வேர்தான். நுண்துகளும் உண்டு, நுண்ணறிவும் உண்டு.

ஃபைன் ஆர்ட்ஸ் வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பரதமும் இசையும் கற்கப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறோம். இந்தத் தொடரைத் தமிழில் நுண்கலை என்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது, நிலைத்தும்விட்டது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்தத் தொடர் பரவியபோது நுட்பம் அங்கே பேச்சே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ‘அழகிய கலைகள்’ என்றுதான் சொன்னார்கள். நாற்காலி, சட்டி செய்வது உபயோகத்துக்கான கலை. ஓவியம், சிற்பம், இசை அழகுக்கான கலை என்ற பாகுபாடு அது. அந்த வகையில் சென்னையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியின் பெயர் மூலத்துக்கு இன்னும் நெருக்கம். கவின் என்றால் அழகுதானே. மலாயில் ‘செனி ஹாலுஸ்’ என்கிறார்கள். அதில் ஹாலுஸும் சன்னம், செனி என்ற சொல்லுக்கே பழைய பொருளில் மெல்லியது, சிறியது என்று உண்டு. ஆக மலாய்க்காரரும் நாமும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டோம்.

இனி நான் சொன்ன இரண்டாவது விஷயம், நிற்கும் இடம். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘ஷி இஸ் எ ஃபைன் குக்’ என்றால் கைப்பக்குவம் உள்ளவர், பிரமாதமாகச் சமைப்பவர். ‘த குக் இஸ் ஃபைன்’ என்றால்? சமையல்காரருக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார் என்று ஆகலாம். அல்லது, ஏதோ பரவாயில்லை, வேறு ஆள் தேட வேண்டாம் என்று ஆகலாம். புகழ்ச்சி எங்கே போனது? பெயருக்கு முன்னால் நின்றால் இந்தச் சொல் தூக்கி வைக்கும். பின்னால் போய் நின்றால் ‘குறை சொல்ல ஒன்றுமில்லை’ என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஒரு வேலைக்காரரைப் பற்றி நற்சான்று எழுதும்போது ‘எ ஃபைன் வொர்க்கர்’ என்று எழுதினால் அவருக்கு வேலை கிடைக்கும். ‘ஹிஸ் வொர்க் இஸ் ஃபைன்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் புருவத்தை உயர்த்துவார்.

இந்த இரண்டாவது வகைக்குத் தமிழில் கச்சிதமான சொல் ‘பரவாயில்லை’. இதுவும் அதே இரட்டை வேலைதான் செய்கிறது. காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால், ‘இட்ஸ் ஃபைன்’, பரவாயில்லை. புது உணவகம் எப்படி என்று கேட்டால், ‘இட் வாஸ் ஃபைன்’, பரவாயில்லை. அந்த உணவகத்துக்கு அவர் மறுபடி போக மாட்டார் என்று நமக்குப் புரிந்துவிடும்.

‘ஐம் ஃபைன்’ என்பதிலும் இரண்டு உண்டு. நலமா என்று கேட்டதற்குப் பதில் என்றால் ‘நல்லா இருக்கேன்’. இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று கேட்டதற்குப் பதில் என்றால் ‘வேண்டாம்’. இங்கே ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று மொழிபெயர்த்தால் தோசைக்கும் அவருடைய ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் விழிப்பார். நம் வீடுகளில் இலையின் மேல் கையை மறைத்துக்கொண்டு ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்பார்களே, அதுதான் இது. ஆனால் ஒன்று: வெள்ளைக்காரர் ‘ஐம் ஃபைன்’ என்றால் நிஜமாகவே வேண்டாம். நம்மவர் ‘இருக்கட்டும்’ என்றால் இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும்.

அப்புறம் ஒற்றைச் சொல்லாக, முற்றுப்புள்ளி வைத்து வாட்ஸ்அப்பில் வரும் ‘ஃபைன்.’ இருக்கிறது. இதற்கு ‘சரி’ என்று போட்டால் பாதிதான் வரும். ‘சரி, உங்க இஷ்டம்’ என்று போட்டால் முழுக்க வரும். மனைவியிடமிருந்து அது வந்தால் உடனே தொலைபேசியில் கூப்பிடுவது உத்தமம். கதையில் இது வரும்போது, முன்னால் சண்டை நடந்திருக்கிறதா என்று பையன் இரண்டு பத்தி மேலே போய்ப் பார்க்கட்டும்.

குத்தலாகவும் வரும். ‘எ ஃபைன் ஃபிரெண்ட் யூ ஆர்!’ இதற்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை: ‘நல்ல ஆளுப்பா நீ!’ ‘தட்ஸ் எ ஃபைன் திங் டு சே’ என்றால் ‘நல்லா இருக்கே உன் நியாயம்!’ உங்கள் மகனுடைய ‘நல்ல’ கச்சிதமாகப் பொருந்தும் இடம் இது, ஏனென்றால் திட்டுவதற்கும் நாம் ‘நல்ல’ என்பதையே எடுக்கிறோம்.

வானிலை ஒரு தனி வேடிக்கை. அடிக்கடி மழையும் மேகமுமாக இருக்கும் இங்கிலாந்தில், மழையில்லாமல் வெயில் அடித்தால் அது ‘ஃபைன் டே’. இங்கே மதியம் ரெண்டு மணிக்கு மண்டையைப் பிளக்கிற வெயிலில் நின்று அதை நல்ல வானிலை என்று யார் சொல்வார்? மேகம் மூடி, காற்று குளிர்ந்து, ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்கிற நேரம்தான் நமக்கு நல்ல வானிலை. அதனால் ‘இட் டர்ன்ட் ஃபைன்’ என்று வந்தால், ‘மழை விட்டு வெளிவாங்கியது’ என்று சொல்லலாம். ‘ஃபைன் டே’ என்பதை ‘நல்ல நாள்’ என்று மட்டும் எழுத வேண்டாம். நமக்கு நல்ல நாள் என்றால் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தது. கதையில் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துவிடுவார்கள். ‘ஒன் ஃபைன் டே’ என்பதில் வானிலையும் இல்லை, சுபமும் இல்லை. அது வெறும் ‘ஒரு நாள்’, ‘திடீரென்று ஒரு நாள்’. நம்மவர்கள் ஆங்கிலம் பேசும்போது, ‘ஒன் ஃபைன் டே அவர் காலமானார்’ என்றே சொல்வதுண்டு. அதை ‘ஒரு நன்னாளில் அவர் காலமானார்’ என்று தமிழாக்கினால் சொத்துத் தகராறு இருந்த குடும்பம் போலிருக்கிறது என்று தோன்றும்.

கடைசியில் என் தொழிலுக்கு வருகிறேன். தண்டத் தொகை என்ற பொருளில் வரும் ஃபைன் பெயர்ச்சொல், நீங்கள் கேட்ட பெயரடை இல்லை. ஆனாலும் அதே லத்தீன் ‘முடிவு’ வழியாக வந்ததுதான், பையன் குழம்பும் இடமும்கூட. முற்காலத்து இங்கிலாந்தில் நில விவகாரத்தில் இரு தரப்பும் அரசர் நீதிமன்றத்தில் சமாதானமாகப் போனால், வழக்கை முடித்து வைக்கும் அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர் ஃபைன். ஒரே தோலில் மூன்று பிரதி எழுதி, வளைத்து வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, அடிப்பகுதியை அரசுக் கருவூலத்தில் வைப்பார்கள். 1195-இல் தொடங்கிய அந்த வழக்கத்தை 1833-இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். விவகாரம் முடிவதற்குக் கட்டும் பணம் என்ற பொருள் இப்படி ஒட்டி, பின்னாளில் தண்டனைப் பணம் ஆனது.

நம் நாட்டில் இதே இடத்தில் மூன்று சொல் புழங்குகிறது, மூன்றையும் சாலையில் நாம் ‘சம்மன்’ என்றே சொல்லிவிடுகிறோம். கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவது சம்மன். அது வெறும் அறிவிப்பு, அழைப்பு. அதற்காக முகப்பில் போய்க் கட்டுவது கொம்பாவுன். கட்டினால் வழக்கு நீதிமன்றம் வரை போகாது, விவகாரம் அத்தோடு முடிந்தது. பழைய ஃபைனின் ஆவி இதில்தான் உலவுகிறது. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகி மாஜிஸ்திரேட் விதிப்பது மலாயில் டெண்டா, தமிழில் அபராதம். டெண்டாவும் நம் தண்டமும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில், ‘நான்தான் சம்மன் கட்டப் போகிறேனே, எதற்கு ஐயா டெண்டா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கொம்பாவுனுக்கான நேரம் தாண்டி வழக்காகிவிட்டது என்பதையும், அபராதத்தைக் கட்டத் தவறினால் அதற்குப் பதிலாக எத்தனை நாள் சிறை என்று தீர்ப்பிலேயே சேர்த்துச் சொல்வார்கள் என்பதையும் விளக்குவதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பழைய தீர்ப்புகளில் ‘இன் ஃபைன்’ என்று ஒரு தொடர் வரும். அது அபராதமும் இல்லை, நயமும் இல்லை. ‘முடிவாக’, ‘சுருங்கச் சொன்னால்’ என்று பொருள். பையன் சட்டம் படிக்கப் போனால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு வினையோடு ஒட்டி வரும் ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள், கதைகளில் அடிக்கடி வரும்: ‘கட்டிங் இட் ஃபைன்’. பத்து மணி ரயிலுக்கு ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் கே.எல். சென்ட்ரல் வாசலில் இறங்குகிறவர் செய்வது அது. நேரத்தை ஒட்டிப் போகிறார், இழுத்துப் பிடித்துப் போகிறார் என்று எழுதலாம். கிரிக்கெட்டில் ஃபைன் லெக் என்பதும் இந்த ‘ஒட்டி’தான்: மட்டைக்காரருக்குப் பின்னால், விக்கெட் கீப்பரின் கோட்டை ஒட்டினாற்போல் நிற்கும் ஆள்.